பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளும் பாலர் பள்ளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலர் பள்ளி ஒன்றில் பெற்றோருடன் பேசும் பொறுப்பில் பல வருடம் இருந்தவள் நான். சேர்க்கை நேரத்தில், சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகும்போது கேட் ஓரத்தில், சில சமயம் ராத்திரி பத்து மணிக்கு போனில் என்று முன்னாள் படைவீரர் வீடுகளிலிருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன. டீச்சர்களும் அதே விஷயத்தைத்தான் மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன, பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பாலர் பள்ளி என்று நான் சொல்வதில் கைக்குழந்தைக் காப்பகம், பிளே ஸ்கூல், மழலையர் வகுப்பு எல்லாமே அடங்கும்.

முன்னாள் படைவீரர் குடும்பம்னா யாரு? சண்டைக்குப் போனவங்க வீடு மட்டும்தானா?

இல்லை. சீருடை போட்டுவிட்டு வெளியே வந்தவர் யாராக இருந்தாலும் சரி. சமையல் பிரிவில் இருந்தவர், வண்டி ஓட்டியவர், கிடங்கில் கணக்கு எழுதியவர், கப்பலில் மாதக்கணக்கில் இருந்தவர், வருடத்தில் சில வாரம் மட்டும் கூப்பிடப்படும் ரிசர்வ் படையினர், எல்லாருமே. குண்டு வெடிப்பதைக் கண்ணால் பார்க்காதவர் வீட்டிலும் பிரிவு இருந்திருக்கும், ஊர் மாற்றம் இருந்திருக்கும்.

படைவீரரின் மனைவி அல்லது கணவர், இறந்தவர்களின் குடும்பம், மகனோ மகளோ பட்டாளத்தில் இருந்ததால் பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி, இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்னாள் என்றதும் நரைத்த மீசைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இருபது, முப்பது வயதுகளிலேயே வெளியே வருகிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் வீட்டில் இருப்பது கைக்குழந்தைகள்.

அதான் வேலையை முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டாரே, இனி என்ன பிரச்சினை?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் மாமியார்களிடமிருந்து. வீட்டுக்கு வந்த நாளில்தான் பல விஷயங்கள் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகின்றன. குடியிருப்பு போகும், பழகிய அக்கம்பக்கம் போகும், மாதச் சம்பளத்தின் உறுதி போகும். அமெரிக்காவில் ராணுவ முகாம்களுக்குள் நடக்கும் குழந்தைகள் மையங்கள் 1989-ல் வந்த ராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு நன்றாகச் சீரானவை, கட்டணமும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பணியிலிருந்து விலகியதும் அந்த வசதி பெரும்பாலும் நின்றுவிடும். புது வேலை தேட வேண்டிய நேரத்தில் பிள்ளையை விட இடம் இருக்காது.

வீட்டுக்குள்ளேயும் சிக்கல் உண்டு. எங்களிடம் சேர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. அப்பா எங்கேடா கண்ணு என்று கேட்டால் அம்மா கையில் இருந்த போனைக் காட்டினாள். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, சட்டைப் பட்டனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு புது ஆள், அம்மாவின் படுக்கையில் தன் இடத்தை எடுத்துக்கொண்ட ஆள். அவருக்கோ, நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த மகள் தன்னைக் கண்டு ஒளிகிறாள். இருவரையும் இடையில் நின்று மெல்லப் பழக்க ஒருவர் வேண்டும். தினமும் இருவரையும் பார்க்கிற வெளியாள் என்று பார்த்தால் பல வீடுகளுக்கு பாலர் பள்ளி டீச்சர் ஒருவர்தான்.

மூணு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியவா போகுது?

சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். தூக்கம் கெடும், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், காலையில் கேட்டருகே அம்மாவின் துணியைப் பிடித்த பிடி விடாது. பெரியவர்களின் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் அந்த வயதுப் பிள்ளை, இங்கே பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் லண்டனில் ஹாம்ஸ்டெட் போர்க்கால நர்சரிகளை நடத்தினார்கள். குண்டு விழும் நகரத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் எழுதிவைத்த முக்கியமான விஷயம், சின்னப் பிள்ளையை உலுக்கியது குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் என்பது. பிள்ளைகளைப் பெரிய கூட்டமாக வைக்காமல் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணைத் தாய் மாதிரி பொறுப்பாக்கினார்கள். இந்தப் பிள்ளைக்கு இந்த மிஸ் என்று நல்ல காப்பகங்களில் இன்றைக்கு வைத்திருக்கும் ஏற்பாடும் அதே யோசனைதான்.

சேர்க்கும்போதே இதைப் பள்ளியில சொல்லணுமா? அப்புறம் எம்பிள்ளையை வேற மாதிரி பார்ப்பாங்களே?

பயம் நியாயமானதுதான். சொன்னால் பரிதாபப்படுவார்கள், இல்லாவிட்டால் அப்பாவைக் கண்டு பயப்படுவார்கள். அதனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் நாளை நடத்த டீச்சருக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லுங்கள்: "அப்பா நாலு மாதம் முன்னால்தான் ராணுவத்திலிருந்து வந்தார், இவன் இன்னும் பழகவில்லை", "திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான்". எங்கே பணியாற்றினார், என்ன நடந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் உங்கள் வீட்டு விஷயம். யார் யாருக்குத் தெரியலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வகுப்பு டீச்சருக்கு மட்டும் என்றால் அவருக்கு மட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் "பெற்றோர் முன்னாள் படைவீரரா?" என்று கேட்காதீர்கள். பெண்களும் ரிசர்வில் இருந்தவர்களும் சண்டைக்குப் போகாதவர்களும் அந்தச் சொல் தங்களைக் குறிக்காது என்று நினைத்து "இல்லை" போட்டுவிடுவார்கள். "வீட்டில் யாராவது எப்போதாவது ராணுவத்தில் பணியாற்றியதுண்டா?" என்று கேட்டுப்பாருங்கள். தந்தை தொழில் என்ற கட்டத்தில் "தனியார்" என்று எழுதிக்கொடுத்த ஒருவர், இந்தக் கேள்வியைச் சேர்த்த பிறகு அதன் கீழே ஆறு வரி எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்.

இவருக்கு பிடிஎஸ்டின்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிள்ளைக்கும் வந்துடுமா?

பிடிஎஸ்டி என்பது கடுமையான அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனப் பாதிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980-ல் இந்தப் பெயரோடு இடம்பெற்றது. முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோருக்கு இது கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டாளத்துக்காரர் என்றாலே இப்படித்தான் என்று நினைக்கும் டீச்சர்களையும் பார்த்திருக்கிறேன்.

சளி ஒட்டுவதுபோல் இது ஒட்டாது. ஆனால் அப்பா தூக்கத்தில் கத்தினால் பிள்ளை விழித்துக்கொள்ளும். அப்பா கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார் என்றால் பிள்ளையும் கதவையே பார்க்கும். அவர் ஒதுங்கி உட்கார்ந்தால் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அந்த வயது எடுத்துக்கொள்ளும். அந்தச் சின்ன வயதில் உலகமே தன்னால்தான் நடக்கிறது என்ற கணக்கு. அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "அப்பாவுக்கு மனசு களைச்சுப்போயிருக்கு, டாக்டர் பார்க்கிறார், நீ ஒண்ணும் தப்பு பண்ணலை." வீட்டிலும் பள்ளியிலும் அதே வார்த்தைகளில் சொன்னால் நல்லது. அவர் சிகிச்சையைத் தொடர்ந்து எடுப்பதுதான் பிள்ளைக்கும் பெரிய மருந்து.

எங்களுக்கு உளவியல் படிப்பெல்லாம் கிடையாது. ஒரு சாதாரண டீச்சர் என்னதான் பண்ண முடியும்?

நீங்கள் டாக்டர் வேலை பார்க்க வேண்டாம். பார்க்கவும் கூடாது. வீட்டில் எதுவும் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று இருக்கும் பிள்ளைக்கு, நேற்று இருந்தது மாதிரியே இன்றும் இருக்கிற ஓர் இடம் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

அதைச் செய்வது வெகு சாதாரணமான காரியங்களில்தான். காலையில் வந்ததும் பாட்டு, பிறகு விளையாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, தூக்கம் என்று நாளை வரிசையாகப் படங்களாகச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள், முடிந்ததைப் பிள்ளையே திருப்பிப் போடட்டும். அம்மாவோ அப்பாவோ விட்டுவிட்டுப் போகும்போது கண்ணை மறைத்து நழுவ விடாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், தினமும் ஒரே மாதிரி. கண்ணாடி ஜன்னலில் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று வைத்துவிட்டுப் பிரியும் அப்பாவும் மகனும் எங்களிடம் இருந்தார்கள். முதல் மாதம் இருபது நிமிடம் அழுத பையன், பிறகு கை வைத்த கையோடு திரும்பிப் பார்க்காமல் ஓடினான். டீச்சர் லீவு என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், நாளைக்கு யார் வருவார் என்பதையும் காட்டுங்கள்.

சத்தம் தனி விஷயம். தீ விபத்து ஒத்திகையின் மணி, விழாவில் உடையும் பலூன், மேலிருந்து விழும் ஸ்டீல் தட்டு. ஒத்திகை நடக்கும் நாளை அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளையிடம் காலையிலேயே மணியைக் காட்டி மெதுவாக ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். பலூன் இல்லாமலும் விழா நடக்கும், நாங்கள் நடத்தியிருக்கிறோம்.

பையன் எந்நேரமும் துப்பாக்கி விளையாட்டுதான். தடுத்துடலாமா?

துப்பாக்கி விளையாட்டு என்பதாலேயே தடுக்க வேண்டாம். ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டுப் பிள்ளையும் விரலை நீட்டி டுமீல் என்கிறது. கண்ட சங்கதியை விளையாடித் தீர்ப்பதுதான் அந்த வயதின் பேச்சு. அடுத்தவரை அடிக்கக்கூடாது, வேண்டாம் என்கிற பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்ற பொது விதிகள் போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. சாதாரண விளையாட்டு மாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்குப் போலீஸ், நாளைக்கு டைனோசர். அதிர்ச்சியில் சிக்கிய விளையாட்டு ஒரே தடத்தில் ஓடும், முடிவு மாறாது, முகத்தில் சந்தோஷமும் இருக்காது. ஒரு பையன் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டுவான், உள்ளே பொம்மைகளை வைப்பான், எல்லாவற்றையும் தரையில் குப்புறப் படுக்க வைப்பான், கட்டைகளைத் தள்ளிவிடுவான். மறுபடியும். மூன்று வாரம் இதேதான். டீச்சர் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் ஒரு ஆம்புலன்ஸ் வண்டியை மெல்ல உருட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அவன் வண்டியைத் தூக்கி வீசினான். இரண்டு நாள் கழித்து அவனே அதை எடுத்துவந்தான். இப்படி மாறத் தொடங்கினால் நல்லது. மாறவே இல்லை, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் அனுப்புங்கள், அதற்கு மேல் பள்ளியில் தாமதிக்கக் கூடாது.

பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட வரமாட்டேங்கிறார். பிள்ளை ஏங்கிப்போகுது.

வரப் பிடிக்காமல் இருப்பவர் வேறு, வர முடியாமல் இருப்பவர் வேறு. இருட்டு அரங்கம், முண்டியடிக்கும் கூட்டம், ஒலிபெருக்கி, முதுகுக்குப் பின்னால் நூறு பேர். பழகிவிட்ட எச்சரிக்கை உணர்வோடு அங்கே உட்காருவது சிலருக்குப் பெரிய பாடு. கதவோரம் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை ஒதுக்கி வையுங்கள். ஒத்திகையன்று வந்து பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அதுவும் விழாதான். கூட்டம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே அழைத்துப்போக அனுமதியுங்கள்.

எனக்குப் பலித்த இன்னொரு வழி, வேலை கொடுப்பது. பெற்றோர் கூட்டம் என்றால் வராத மனிதர் அலமாரிக் கீல் ஆடுகிறது என்றால் கருவிப் பெட்டியோடு வந்து நிற்பார். வகுப்பின் மூலையில் அவர் திருகாணி முடுக்க, மகள் கையில் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள், அப்பா ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி வாங்கினார். அன்று பிள்ளை வீட்டுக்குப் போகவே மறுத்துவிட்டது.

நீங்க எழுதுறதெல்லாம் அப்பாவைப் பத்தியே இருக்கே. நான்தான் பட்டாளத்தில இருந்தேன், எம்புருஷன் இல்லை.

மன்னிக்கவும், நியாயமான குத்து. இந்தப் பக்கத்தில் அப்பா என்று வரும் இடமெல்லாம் அம்மா என்று மாற்றி வாசித்தாலும் பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அம்மா ராணுவத்திலிருந்து வந்தால் அடுத்த நாளே பழையபடி அம்மாவாகிவிட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளை பாட்டியிடமே ஓடினால் அவள் மனம் உடைகிறது, அதை வெளியே சொல்லவும் முடிவதில்லை. பள்ளி செய்யக்கூடியது, பிள்ளையின் நாளைப் பற்றிய தகவலை இதுவரை பார்த்துக்கொண்டவரோடு சேர்த்து அம்மாவிடமும் நேராகச் சொல்வது. "இன்னைக்கு முதல் தடவை தானே ஷூ போட்டான்" என்ற சேதி முதலில் அவள் காதுக்குப் போகட்டும்.

அப்பாவுக்குச் செயற்கைக் கால். மத்த பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?

கேட்டதற்கு நேராகச் சொல்லுங்கள்: "அவருக்கு அடிபட்டு ஒரு கால் போயிடுச்சு, இது நடக்குறதுக்குச் செஞ்ச கால்." உஷ் என்று வாயை மூடினால்தான் அது பயங்கரமான விஷயமாகிறது. முதலில் அவரிடமும் பிள்ளையிடமும் எப்படிச் சொல்வது பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "கழட்ட முடியுமா?" என்பதாக இருக்கும். அதோடு ஆர்வம் தீர்ந்து மணலுக்கு ஓடிவிடுவார்கள்.

படைவீரர் தினத்துக்கு அவரை மேடையில கூப்பிட்டுப் பேச வைக்கலாமா?

முதலில் தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல வழிவிட்டுக் கேளுங்கள். நவம்பர் 11 அமெரிக்காவில் படைவீரர் தினம், பிரிட்டனில் போரில் இறந்தோரை நினைக்கும் நாள். சிலருக்கு அன்று பெருமை, சிலருக்கு அன்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டிய நாள். அதே வகுப்பில் அப்பாவை இழந்த பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வந்தால், கதை சொல்லட்டும், முதுகுப்பையில் என்னென்ன வைப்பார்கள் என்று காட்டட்டும். பெரியவர்கள் யாரும் "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று கேட்காமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் பொறுப்பு. பிள்ளைகள் கேட்டால் மன்னிக்கலாம், பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள்.

அப்பா திரும்பி வரவே மாட்டார். நாலு வயசுப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?

செத்துப்போனார் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். கேட்கக் கடினமாக இருக்கும், ஆனால் "தூங்கிட்டார்" என்றால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும், "சாமிகிட்ட போயிட்டார்" என்று மட்டும் சொன்னால் எப்போது வருவார் என்று கேட்கும். உங்கள் நம்பிக்கையைச் சொல்வதில் தவறில்லை, அதோடு இதையும் சொல்லுங்கள்: "அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே மூச்சு விடாது, சாப்பிடாது, வலிக்காது, திரும்பி வரமாட்டார்." இந்த வயதில் சாவு மாற்ற முடியாதது என்பது பிடிபடாது. புரிந்துகொண்டது மாதிரி தலையாட்டிவிட்டு மறுநாள் "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கும். அதே பதிலை அதே நிதானத்தில் மறுபடி சொல்ல வேண்டும். டீச்சருக்கும் நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும்.

காணாமல் போனவர் என்றால் இன்னும் கஷ்டம். வியட்நாம் போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு என்றார்: ஆள் இல்லை, ஆனால் முடிந்ததென்றும் சொல்ல முடியாது. ஆள் வீட்டிலேயே இருந்து மனத்தளவில் இல்லாமல் போவதையும் அவர் இதிலேயே சேர்க்கிறார். பிடிஎஸ்டி கேள்வியில் சொன்ன ஒதுங்கி உட்காரும் அப்பாவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிள்ளையிடம் "எங்களுக்கும் தெரியலை, தேடிக்கிட்டு இருக்காங்க" என்று உண்மையைச் சொல்லலாம். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர் என்றால், எப்படி என்ற விவரம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "மனசுக்கு ரொம்ப நோய் வந்து செத்துப்போனார், உன்னால் இல்லை" என்பது நாலு வயதுக்குப் போதும். பிறகு தெரியவரும்போது நீங்கள் சொன்னது பொய்யாகாது.

மூணு வயசாகியும் பேச்சு சரியா வரலை. வீட்டு நிலைமையாலா, இல்லை ஆட்டிசம் மாதிரி ஏதாவதா?

இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. அப்பா இல்லாத ஏக்கம், சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டு, காது கேட்காததைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் வீணான பிள்ளையை நான் அறிவேன். எதிர்த்திசையில், சத்தத்துக்குத் திடுக்கிட்டு ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு உடனே ஒரு பெயர் ஒட்டிவிடுகிறார்கள், வீட்டில் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் ஊகம் வேண்டாம். காது பரிசோதனை, வளர்ச்சிப் பரிசோதனை இரண்டையும் செய்யுங்கள், டாக்டரிடம் வீட்டு மாற்றங்களையும் சொல்லுங்கள். ஊர் ஊராக மாறிய குடும்பங்களில் பழைய மருத்துவக் குறிப்புகள் தொலைந்துபோவது சகஜம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கையோடு வைத்திருங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: மாற்றுத்திறன் உள்ளோர் கல்விச் சட்டப்படி மூன்று வயது வரை ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டமும், மூன்று முடிந்ததும் அந்தப் பகுதியின் பள்ளி மாவட்டமும் பொறுப்பு. பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது, பெற்றோரே எழுதிக் கேட்கலாம்.

முன்னாள் படைவீரர் பிள்ளைன்னு சொன்னா இடம் தானா கிடைச்சிடுமா?

கிடைத்துவிடும் என்று நம்பி வந்து ஏமாந்தவர்கள் நிறைய. குறைந்த வருமானக் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு நடத்தும் ஹெட் ஸ்டார்ட் திட்டம் 1965-ல் தொடங்கியது, பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கான ஏர்லி ஹெட் ஸ்டார்ட் 1994-ல் வந்தது. இரண்டும் குடும்பத்துக்கு இலவசம். ஆனால் தகுதி என்பது வருமானம், சில அரசு உதவிகள், வீடற்ற நிலை, வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளை அரசு ஏற்பாட்டில் வேறு வீட்டில் வளர்வது) ஆகியவற்றைப் பொறுத்தது. படைவீரர் வீடு என்பது மட்டுமே போதாது. வேலை தேடும் இடைக்காலத்தில் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பம், வீடற்ற நிலை என்ற கணக்கில் வரலாம், கேட்டுப்பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் பணியில் இருப்பவர், பணியின்போது காயமடைந்தவர் அல்லது உயிரிழந்தவரின் பிள்ளைக்கு அரசு மழலையர் வகுப்பில் இலவசமாகச் சேரும் தகுதி உண்டு. இதுபோன்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எனக்குப் பிடிக்காத ஓர் இடைவெளியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாநிலங்களுக்கு இடையே ராணுவப் பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கடுமையாகக் காயமடைந்து மருத்துவக் காரணத்தால் விலகியவரின் பிள்ளைக்கும், ஓய்வு பெற்றவரின் பிள்ளைக்கும் ஒரு வருடம் வரை அது பொருந்தும், ஆனால் தொடங்குவதே ஐந்து வயதில் சேரும் கிண்டர்கார்டன் வகுப்பில்தான். இங்கிலாந்தில் படையினரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குத் தரப்படும் கூடுதல் தொகை, பெற்றோர் பணியை விட்ட பிறகும் சில வருடம் தொடரும். அதுவும் நான்கு வயதில் சேரும் ரிசப்ஷன் வகுப்பில் இருந்துதான். பிள்ளை அதிகம் தடுமாறுவது அதற்கு முந்தைய வருடங்களில்தான். அந்த வயதுக்கான ஏற்பாட்டைப் பள்ளியே தானாகச் செய்தால்தான் உண்டு.

அப்பா அம்மாவுக்கு உதவி வேண்டுமென்றால், அமெரிக்காவில் 1979 முதல் நடக்கும் வெட் சென்டர்கள் என்ற முன்னாள் படைவீரர் ஆலோசனை மையங்களில், போர்ப் பகுதியில் பணியாற்றியது போன்ற தகுதி இருந்தால், குடும்பத்தாருக்கும் இலவச ஆலோசனை கிடைக்கும். அவசர நிலையில் அங்கே 988 என்ற மனநெருக்கடி உதவி எண்ணை அழைத்து, படைவீரர்களுக்கான இணைப்புக்கு 1-ஐ அழுத்தலாம், குடும்பத்தினரும் அழைக்கலாம்.

சில நாள் வீட்டுல பயமா இருக்கு. மிஸ்கிட்ட சொன்னா போலீஸுக்குப் போயிடுமா?

சில சமயம் போகும், அதை மறைத்துப் பேச மாட்டேன். குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் டீச்சர்களுக்குச் சட்டமே இருக்கிறது. அதனால்தான் டீச்சர்களுக்குச் சொல்வேன், "என்கிட்ட சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். எது நம்மோடு நிற்கும், எது நிற்காது என்பதைச் சேர்க்கை நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவருக்குத் தூக்கமில்லை, எரிந்து விழுகிறார், எனக்கு ஓய்வே இல்லை என்பதெல்லாம் புகாராகிவிடாது. அது உதவி கேட்பது. வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாக ஒரு மணி நேரம் பிள்ளையைப் பள்ளியில் வைத்துக்கொண்டாலே சில வீடுகளில் மூச்சு திரும்பும். அடி, மிரட்டல், கைக்கெட்டும் இடத்தில் ஆயுதம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஆயுதம் பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா என்று பள்ளியும் எல்லா வீட்டாரிடமும் பொதுவாகக் கேட்கலாம், இவர்களை மட்டும் தனியாகக் கேட்டால்தான் தப்பாகும்.

அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்குப் போறான். அங்கே போய்ப் பழைய கதையெல்லாம் மறுபடி சொல்லணுமா?

கதை வேண்டாம், ஒரு பக்கம் போதும். பழைய டீச்சரும் நீங்களும் சேர்ந்து எழுதுங்கள், கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சேர்க்கும்போது சொன்ன அளவுகோலே இதற்கும்: நாளை நடத்தத் தேவையானது மட்டும். முடிந்தால் பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள், கூட்டம் இல்லாத நேரத்தில் அப்பாவும் பிள்ளையும் வகுப்பறையையும் கழிவறையையும் வெளியே போகும் வழியையும் பார்த்து வரட்டும். அந்த வழியைப் பார்த்துவைப்பது பிள்ளையைவிட அப்பாவுக்கு அதிகம் தேவைப்படும்.

கட்டைகளைத் தள்ளிவிட்ட பையனுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த பக்கத்தில் ஐந்தே வரி. மணி அடிப்பதற்கு முன் சொன்னால் சமாளிப்பான். முதுகுக்குப் பின்னால் வந்து தொடாதீர்கள். கோபம் வந்தால் தண்ணீரில் விளையாட விட்டால் தணிவான். அப்பா நாலு மணிக்கு வருவார், பத்து நிமிடம் தாமதமானால் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸ் பொம்மை அவன் பையில் இருக்கும், வாங்கி வைத்துவிடாதீர்கள்.